எழுத்தால் ஒரு முகம்: புகைப்படத்தை எழுத்தோவியமாக்க முழு வழிகாட்டி

புகைப்படத்தை எழுத்தோவியமாக மாற்றச் சொல்லித்தரும் பாடங்களில் முக்கால்வாசி ஒரே வேலையைத்தான் காட்டுகின்றன. ஒரு படம், அதனடியில் ஒரு பக்க எழுத்து, இரண்டையும் சேர்க்க ஒரு கிளிப்பிங் மாஸ்க். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மொபைல் திரையில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே முகத்தைக் காட்டுவது எழுத்து இல்லை, எழுத்து வடிவ ஓட்டைகள் வழியாகத் தெரியும் போட்டோ. எழுத்துக்குப் பதில் பொட்டுப் பொட்டாக வட்டம் வைத்தாலும் அதே படம்தான் வரும்.

இந்த வழிகாட்டி வேறு வகைக்கானது. வெள்ளைத் தாள், கறுப்பு மை, நடுவில் சாம்பல் நிறமே கிடையாது. நிழல் விழும் இடத்தில் எழுத்து தடிக்கும், வெளிச்சத்தில் மெலியும், நெற்றியின் பளபளப்பில் காணாமல் போகும். எட்ட நின்றால் முகம், கிட்டே வந்தால் வாசகம். இதற்கு ஃபோட்டோஷாப்பின் சூட்சுமங்களைவிட உங்கள் படத்தில் எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று பார்க்கும் கண்தான் முக்கியம். அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது.

நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. சித்திரக்கவியில் ரதபந்தம், நாகபந்தம் என்று செய்யுளின் எழுத்துகளைத் தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் அடைத்தார்கள். அங்கே கோடு முதலில், எழுத்து அதற்குள். 1898-இல் ஃப்ளோரா ஸ்டேசி தட்டச்சு இயந்திரத்திலேயே ஒரு பட்டாம்பூச்சியை உருவாக்கினார். 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லியோன் ஹார்மனும் கென் நோல்டனும் ஒரு புகைப்படத்தைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு சிறு சதுரத்தின் இருட்டுக்கும் ஏற்ற சின்னம் ஒன்றை வைத்துப் பெரிய படமாக அச்சிட்டார்கள். அதில் கோடே கிடையாது, அடர்த்தி மட்டும்தான். நாம் செய்யப்போவது இந்தக் கடைசி வழியின் தமிழ் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு நான் செய்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். பெரியப்பா பெங்களூரில் பஸ் கண்டக்டர். நகர பஸ் நிறுவனம் பி.டி.எஸ். என்று இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1997-இல் அது பி.எம்.டி.சி. ஆன பிறகும் அதே காக்கியில் தொடர்ந்தவர். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக அவர் முகத்தை எழுத்தில் செய்ய வேண்டும். என்ன எழுத்து? அவர் ஆயுள் முழுக்கக் கூவிய ஸ்டாப் பெயர்கள்.

எந்தப் படம் சரிப்படும்

முகம் தாளை நிறைக்க வேண்டும். இது ரசனைக்காகச் சொல்வது இல்லை, கணக்கு. ஓவியர்கள் முகத்தின் அகலத்தை ஐந்து கண் அகலமாகப் பிரிப்பார்கள். 12×18 அங்குலத் தாளில் முகம் 9 அங்குல அகலம் வந்தால் ஒரு கண் சுமார் 1.8 அங்குலம், அதாவது 130 பாயின்ட் (எழுத்தை அளக்கும் அலகு, அங்குலத்துக்கு 72). எட்டுப் பாயின்ட் எழுத்தில் அங்கே ஏறக்குறைய இருபது எழுத்து அடங்கும். கருவிழிக்கு ஏழெட்டு எழுத்து. இது போதும், பார்வை வந்துவிடும். அதே தாளில் ஆள் முழுசாக நிற்கும் படத்தை வைத்து முகம் 2 அங்குலமாகிவிட்டால் ஒரு கண்ணுக்கு ஐந்து எழுத்துகூட வராது. கருவிழிக்கு இரண்டு எழுத்து. அதில் யாருடைய பார்வையையும் கொண்டுவர முடியாது. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒரு தலையை வெட்டியெடுக்கலாம், தப்பில்லை. குரூப்பை அப்படியே செய்ய நினைக்காதீர்கள்.

இரண்டாவது, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எடுத்த படம், மாலை நேரத்தில் வாசலில் எடுத்த படம் எல்லாம் உத்தமம். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் மூக்கும் கன்னமும் ஒரே சமமாகிவிடும், அங்கே எழுத்தால் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. பழைய ஸ்டுடியோ கறுப்பு வெள்ளைப் படங்கள் இதற்கென்றே எடுத்தவை போல அமையும், ஏனென்றால் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துத்தான் எடுத்தார்கள்.

படம் சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படமும் இங்கே ஓடும். நுணுக்கத்தின் எல்லையைத் தீர்மானிப்பது எழுத்தின் அளவு. அதைவிடச் சின்ன விவரம் எதுவும் கடைசிப் படத்தில் தங்கப்போவதில்லை. பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான் இருக்கிறதா? ஸ்கேனரில் 1200 டி.பி.ஐ.யில் போடுங்கள், 3.5×4.5 செ.மீ. படம் சுமார் 1650×2130 பிக்சலாக வரும். தாராளம்.

வாசகத்தைச் சமைப்பது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். பெயரையே ஆயிரம் முறை திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒரே சொல் திரும்ப வந்தால் அதன் அடர்ந்த எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்து சாய்வாகப் பட்டை பட்டையாகத் தெரியும். முகத்தின் குறுக்கே கோடு ஓடும். குறைந்தது நூறு வெவ்வேறு சொற்களாவது வேண்டும்.

எவ்வளவு வாசகம் தேவை? 18 அங்குலம் என்றால் 1296 பாயின்ட். எட்டுப் பாயின்ட் வரி இடைவெளியில் 162 வரிகள். ஒரு வரிக்கு ஊர்ப்பெயர் அளவிலான சொற்கள் பதினைந்து பதினாறு உட்காரும். ஆக மொத்தம் 2500 சொற்கள். அம்மாவின் பழைய கடிதங்கள், பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு, தாத்தாவின் கணக்குப் புத்தகம் என்று யாராவது எழுதிவைத்தது இருந்தால் அதையே தட்டச்சு செய்யுங்கள், அதற்கு ஈடு வேறில்லை. பெரியப்பா எதையும் எழுதுகிறவர் இல்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பெரியப்பா, மெஜஸ்டிக்ல ஏறினா காடுகோடி வரைக்கும் வரிசையா சொல்லுங்க" என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவர் நெடுநாள் போன 335-இ தடத்தில் கார்ப்பரேஷன், ரிச்மண்ட் சர்க்கிள், தொம்மலூர், மாரத்தஹள்ளி, குந்தலஹள்ளி கேட், ஹோப் ஃபார்ம் என்று வரிசை வந்தது. "எழுதிக்கிட்டியாடா? நடுவுல எச்.ஏ.எல். விட்டுட்ட பாரு" என்று அவரே திருத்தினார். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம், யஷ்வந்த்பூர் பக்கத்துப் பெயர்களும் சேர்ந்தால் நூறைத் தாண்டிவிடும்.

இப்போது தமிழுக்கே உரிய சங்கதி ஒன்று. எல்லா எழுத்தும் ஒரே அளவு மை குடிப்பதில்லை. ட, ப, ம, ர எல்லாம் திறந்த எழுத்துகள், தாளின் வெள்ளை உள்ளே நிறையத் தெரியும். ண, ஞ, ஹ, ழு, ணை போன்றவை சுழியும் வளைவுமாக அடைத்துக்கொள்ளும். பெங்களூர்ப் பெயர்களில் இது பளிச்சென்று தெரியும். சிக்பேட்டை, அக்கிபேட்டை, காட்டன்பேட்டை என்று பேட்டைகள் வெளிறிப்போய் விழும். மாரத்தஹள்ளி, குந்தலஹள்ளி, பைரசந்திரா, பாணஸ்வாடி எல்லாம் கறுக்கும். நாலு ஹள்ளி அடுத்தடுத்து வந்துவிட்டால் கன்னத்தில் மச்சம் வைத்த மாதிரி ஒரு திட்டு நிற்கும். ஆகவே கலைத்துப் போடுவது அவசியம். எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் ஒரு பத்தியில் பெயர்கள், பக்கத்துப் பத்தியில் ரேண்டம் எண், அதை வைத்து வரிசைப்படுத்தினால் கலைந்துவிடும். திரும்பத் திரும்பக் கலைத்து ஒட்டி 2500 சொற்களுக்குக் கொண்டுவாருங்கள்.

கண்ணை நம்பாமல் அளந்தே பார்க்க விரும்பினால் வழி இருக்கிறது. ஒரே அளவுள்ள சதுரங்களில் ஒவ்வோர் எழுத்தாக அடித்து, ராஸ்டரைஸ் செய்து (எழுத்தைப் படமாக மாற்றி) பின்னணியோடு சேர்த்துவிட்டு, ஒவ்வொரு சதுரமாகத் தேர்வு செய்து ஃபில்டர், பிளர், ஆவரேஜ் கொடுங்கள். எழுத்து கரைந்து ஒரே சாம்பல் கட்டம் ஆகிவிடும். எது கறுப்பு, எது வெளுப்பு என்று வரிசைகட்டி நிற்கும். ஃபான்ட் மாறினால் வரிசையும் கொஞ்சம் மாறும்.

ஃபான்ட், தமிழ் அமைப்பு

சுழிப்பும் அலங்காரமுமான ஃபான்ட் வேண்டாம். கோட்டின் தடிமன் சீராக இருக்கும், மெலிந்த வடிவமும் உள்ள ஃபான்ட் எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், மூன்றிலும் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை பல எடைகள் உண்டு. நான் பெரும்பாலும் முக்தா மலரின் லைட் எடையில்தான் செய்கிறேன். விண்டோஸின் பழைய ஃபான்டான லதா அவசரத்துக்கு உதவும், ஆனால் அதில் மெலிந்த எடை இல்லை.

யூனிகோட் வாசகம்தான் வேண்டும். பழைய டி.டி.பி. கோப்பில் பாமினி போன்ற ஃபான்டில் அடித்து வைத்தது இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும்.

அப்புறம், ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகள் தமிழை உடைக்கும். சோதிக்க "தொம்மலூர்" என்று அடித்துப் பாருங்கள். முதல் எழுத்தில் கொம்பு தகரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வந்தால் சரி. கொம்பு இடம் மாறி நின்றாலோ புள்ளிவைத்த வட்டம் முளைத்தாலோ எடிட், பிரிஃபரன்சஸ், டைப் போய் டெக்ஸ்ட் எஞ்சின் பகுதியில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" அல்லது "வேர்ல்டு ரெடி" என்று இருப்பதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவிலும் "வேர்ல்டு ரெடி" வகை இருந்தால் அதைப் போடுங்கள். புதிய பதிப்புகளில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஸ்ரீராமபுரத்தையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள், சில ஃபான்ட்களில் ஸ்ரீ பிரிந்துபோகும்.

படத்தை நான்கு நிழலாகப் பிரிப்பது

படத்தைத் திறந்து கிராப் கருவியில் 12×18 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கொடுத்து வெட்டுங்கள். 3600×5400 பிக்சல் வர வேண்டும். செலக்ட் சப்ஜெக்ட் கொடுத்து ஆளைப் பிரித்து, பின்னணியை வெள்ளையாக்குங்கள். பின்னணியையும் எழுத்தால் நிரப்பலாம்தான், ஆனால் அப்போது தலையின் விளிம்பு கரைந்துவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் வெள்ளையிலேயே விடுவது நல்லது.

அடுத்து இமேஜ், அட்ஜஸ்ட்மென்ட்ஸ், பிளாக் அண்ட் வொயிட். இங்கே சிவப்பு, மஞ்சள் ஸ்லைடர்கள்தான் தோலின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும். அவற்றை ஏற்றி முகத்தை வெளுக்க வைக்கும் ஆசை நம் ஊரில் எல்லோருக்கும் வரும். வேண்டாம். கறுத்த முகம்தான் எழுத்தோவியத்துக்கு வாகானது, எழுத்து உட்கார இடம் நிறைய இருக்கும். வெளுத்துவிட்டால் கண்ணும் மீசையும் மட்டும் மிதக்கும்.

கன்ட்ரோல் எல் அடித்து லெவல்ஸில் இரண்டு ஓர முக்கோணங்களையும் உள்ளே நகர்த்தி, கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் ஆகும்வரை முறுக்குங்கள். சாதாரணப் போட்டோவுக்கு இது அதிகம் என்று தோன்றும் இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகலாம். பிறகு ஃபில்டர், பிளர், சர்ஃபேஸ் பிளர். ரேடியஸ், த்ரெஷோல்ட் இரண்டும் 15 பக்கம் வைத்துப் பாருங்கள். தோலின் சொரசொரப்பு போய்விடும், கண், உதடு விளிம்புகள் அப்படியே நிற்கும். சேலைக்கரை, சட்டைக் கட்டம் எல்லாம் இந்த இடத்தில் அடங்குவது நல்லதுதான்.

இந்தச் சாம்பல் படத்தை நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இமேஜ், அட்ஜஸ்ட்மென்ட்ஸ், த்ரெஷோல்ட். அது ஒரு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணைவிட இருட்டானதெல்லாம் கறுப்பாகும், மற்றதெல்லாம் வெள்ளையாகும். நான்கு நகலுக்கும் 200, 150, 100, 50 என்று தொடங்குங்கள். எண்கள் வேதவாக்கு இல்லை. பார்க்க வேண்டியது இதுதான்:

50 வைத்த நகலில் முடி, புருவம், கருவிழி, மூக்குத்துளை, மீசை மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும். 100-இல் இவற்றோடு முகத்தின் நிழல் பக்கமும் தாடைக்குக் கீழேயும் சேரும். 150-இல் பாதிக் கன்னம் வரும். 200-இல் நெற்றிப் பளபளப்பு, மூக்கு நுனி, கண்ணின் வெள்ளை, மேல்கன்னத்தின் ஒரு கீற்று ஆகியவை மட்டும் வெள்ளையாக மிஞ்சும். இப்படி வரும்வரை எண்ணை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். 100-ஐ 120 ஆக்கினால் ஆள் பத்து வயது கூடித் தெரிவார், கன்னக்குழி ஆழமாகிவிடும். பெரியப்பாவுக்கு நான் கொஞ்சம் இறக்கியே வைத்தேன், பெரியம்மா கேட்டுக்கொண்டதால்.

ஒரே எழுத்து, நான்கு தடிமன்

இதுதான் வேலையின் மையம். வழக்கமாக ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு எடையில் தனித்தனி எழுத்துப் பத்தி வைப்பார்கள், மெலிந்த பகுதிக்கு லைட், இருண்ட பகுதிக்கு போல்டு என்று. போல்டு எழுத்து அகலமானது, அதனால் வரி வேறு இடத்தில் மடங்கும். இரண்டு நிழல்கள் சந்திக்கும் கோட்டில் பாதி 'மா'வும் பாதி 'கு'வும் ஒட்டிக்கொண்டு படிக்க முடியாத குப்பையாகும். கிட்டே வந்து வாசிக்கிறவருக்கு அது எரிச்சல்.

ஆகவே எழுத்து நகரக்கூடாது, தடிக்க மட்டும் வேண்டும். அதற்கு வழி, லேயர் ஸ்டைலில் இருக்கும் ஸ்ட்ரோக், அதாவது எழுத்தின் ஓரத்தைச் சுற்றிப் போடும் கோடு. (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்.)

முதலில் படங்களையெல்லாம் மறைத்துவிட்டு அடியில் ஒரு வெள்ளை லேயர் போடுங்கள். டைப் கருவியால் தாள் முழுக்க ஒரு பெட்டி இழுத்து, வாசகத்தை ஒட்டுங்கள். லைட் எடை, எட்டுப் பாயின்ட், வரி இடைவெளியும் எட்டு, கறுப்பு நிறம். தமிழில் மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியை எழுத்தளவைவிடக் குறைத்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் மோதும். முகப்படத்துக்கு லேசாக மோதினால் பரவாயில்லை, 7.5 வரை போகலாம். அதற்கும் கீழே போனால் வாசிக்க முடியாது. அதே சமயம் இடைவெளி கூடினால் முகம் முழுக்க வெள்ளைக் கோடு கோடாக ஓடும்.

பத்தியை இருபக்கமும் சீராக ஜஸ்டிஃபை செய்யுங்கள், ஹைஃபனேஷனை நிறுத்துங்கள். பாராகிராஃப் பேனல் மெனுவில் ஜஸ்டிஃபிகேஷன் திறந்து, சொல் இடைவெளியைக் குறைந்தது 40, விரும்புவது 55, அதிகபட்சம் 80 சதவீதம் என்று சுருக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் சொற்களுக்கு நடுவில் வெள்ளைப் பொத்தல்கள் நிறைந்து, ஓட்டை விழுந்த முகமாகிவிடும். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதினார்களே, அந்தச் சீரான அடர்த்தியை நெருங்குவதுதான் நோக்கம். எல்லா இடைவெளியையும் எடுத்தே விடலாமா என்றால், ஊர்ப்பெயர்களுக்கு நான் எடுக்க மாட்டேன். மெஜஸ்டிக்கும் தொம்மலூரும் ஒட்டிக்கொண்டால் படிப்பவர் திணறுவார்.

இந்த எழுத்து லேயரைக் கன்ட்ரோல் ஜே அடித்து மூன்று நகல் எடுங்கள். மொத்தம் நான்கு. முதலாவதைத் தொட வேண்டாம். இரண்டாவதுக்கு லேயர் ஸ்டைலில் ஸ்ட்ரோக் 1 பிக்சல், வெளிப்புறம், கறுப்பு. மூன்றாவதுக்கு 2. நான்காவதுக்கு 3. எட்டுப் பாயின்ட் என்பது 300 பிக்சலில் 33 பிக்சல் உயரம்தான், அதனால் ஒரு பிக்சல் கூடினாலே கண்ணுக்குத் தெரியும். மூன்றில் ண, ஹ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டுக் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். அதுதான் வேண்டும், புருவத்துக்கும் தலைமுடிக்கும் அதுவே பொருத்தம்.

இப்போது ஒவ்வொரு எழுத்து லேயரையும் தனித்தனி குரூப்பில் வையுங்கள். எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மாஸ்க்கை லேயருக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுப்பது முக்கியம். லேயருக்கே கொடுத்தால் ஸ்ட்ரோக் மாஸ்க்கின் விளிம்பையும் சேர்த்துச் சுற்றிவரும், தாடையைச் சுற்றித் தேவையில்லாத கோடுகள் முளைக்கும்.

முதல் குரூப்புக்கு மாஸ்க் சேர்த்தாயிற்றா? 200 வைத்த த்ரெஷோல்ட் நகலைக் கண்ணுக்குத் தெரியும்படி திறந்து, அந்த லேயரையே தேர்ந்துகொண்டு, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. பிறகு ஆல்ட் அழுத்திக்கொண்டு மாஸ்க் சின்னத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் நிற்கும். அங்கே ஒட்டி, கன்ட்ரோல் ஐ அடித்துத் தலைகீழாக்குங்கள். இருட்டான இடங்கள் மாஸ்க்கில் வெள்ளையாகி, அங்கே மட்டும் எழுத்து தெரியும். இதே மாதிரி ஒரு பிக்சல் ஸ்ட்ரோக் குரூப்புக்கு 150, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 50. த்ரெஷோல்ட் நகல்களை மறைத்துவிட்டுப் பாருங்கள்.

எல்லா எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்திருப்பதால் நிழலின் எல்லையில் எதுவும் உடையாது. கன்னத்தின் வெளிச்சத்தில் மெலிதாகத் தொடங்கும் "மாரத்தஹள்ளி" காதுப்பக்கம் போகப்போகத் தடித்துக்கொண்டே போகும். இதைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் இந்த முறையின் அருமை தெரியும்.

கண்களைத் தனியாகக் கவனிப்பது

மற்ற இடம் எப்படி இருந்தாலும் கண் சரியாக வந்தால் ஆள் தெரிந்துவிடுவார். எட்டுப் பாயின்டில் கருவிழி மழுங்கினால், கண்களுக்கு மட்டும் ஐந்து பாயின்டில் ஒரு சின்னப் பத்தி வைத்து அதே நான்கடுக்கு வேலையைச் செய்யலாம். எழுத்து சின்னதாவதால் ஸ்ட்ரோக்கைக் குறைக்க நேரிடும், அதனால் நான் அங்கே ஸ்ட்ரோக் இல்லாதது, ஸ்ட்ரோக் உள்ளது என இரண்டே தடிமனில் முடித்துவிடுவேன். கருவிழியில் விழும் ஒளிப்பொட்டைத் தூரிகையால் எல்லா மாஸ்க்கிலும் கறுப்பு பூசி வெள்ளையாகத் திறந்துவிடுங்கள். அசல் படத்தில் அது இல்லாவிட்டாலும் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் ஒரு பொட்டு வைத்தால் உயிர் வரும்.

கண்ணாடி போட்ட முகமா? கண்ணாடிச் சட்டத்தை இந்தப் பத்தி எழுத்தால் செய்ய முயலாதீர்கள். ஒரு வரி எழுத்தை டைப் ஆன் பாத்தில் சட்டத்தின் வளைவோடு ஓடவிட்டால் அழகாக உட்காரும்.

எழுத்து முகத்தின் மேடுபள்ளத்தோடு வளைய வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அதற்கு ஃபில்டர், டிஸ்டார்ட், டிஸ்பிளேஸ் இருக்கிறது. சாம்பல் படத்தை நன்றாக மங்கலாக்கித் தனி பி.எஸ்.டி. கோப்பாகச் சேமித்து, எழுத்து லேயர்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, டிஸ்பிளேஸில் இரண்டு பக்கமும் 10 கொடுத்து அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். நடுச்சாம்பல் இருக்கும் இடத்தில் எழுத்து நகராது, இருட்டில் ஒரு பக்கமும் வெளிச்சத்தில் எதிர்ப்பக்கமும் தள்ளும். பெரிய எழுத்தில் நன்றாக இருக்கும். எட்டுப் பாயின்டில் அடுத்தடுத்த வரிகள் முட்டிக்கொள்வதால் எனக்குப் பிடிப்பதில்லை.

கிம்ப்பில் செய்கிறவர்களுக்கு

கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, தமிழும் உடையாது. வரிசை அதேதான். ஸ்ட்ரோக்குக்குப் பதில் இப்படிச் செய்யுங்கள்: எழுத்து லேயரில் ஆல்ஃபா டு செலக்ஷன், பிறகு செலக்ட் மெனுவில் குரோ, 1 பிக்சல், புதிய லேயரில் கறுப்பு நிரப்பல். 2, 3 பிக்சலுக்கும் அப்படியே. த்ரெஷோல்ட் கலர்ஸ் மெனுவில் இருக்கிறது. இப்படிச் செய்த லேயர்களில் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் பிழை பார்ப்பதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமே கேட்டுவிட்டால் என்ன என்ற கேள்வியும் வரும். முகம் வரும். இவ்வளவு பொடி எழுத்து தமிழ் மாதிரி தெரியும் கிறுக்கலாக வந்துவிடலாம். ஸ்டாப் பெயர் தெரிந்தவரிடம் அதை நீட்ட முடியாது.

அச்சுக்குப் போகும்போது

கோப்பை இமேஜ், மோடு, கிரேஸ்கேல் ஆக்கி, ஒன்றாகச் சேர்த்து டிஃப் அல்லது பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். நிறக் கோப்பாகக் கொடுத்தால் இயந்திரம் நான்கு மையையும் கலந்து கறுப்பை உண்டாக்கும். நான்கும் இம்மி விலகினாலும் சின்ன எழுத்தின் விளிம்பு நிறம் கசியும். கடையில் "ஒரே பிளாக்கில் அடிங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. எழுத்தாகவே விட்ட கோப்பைக் கொடுத்தால், "அண்ணா, ஃபான்ட் மிஸ்ஸிங்னு வருது" என்பார்கள், சதுரம் சதுரமாக அச்சாகி வரும்.

பெங்களூரில் 12×18 டிஜிட்டல் பிரின்ட்டுக்கு சுல்தான்பேட்டை பக்கம் போனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளிலேயே வேலை முடியும். காகிதத்தையும் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மேட் காகிதம், 250 அல்லது 300 ஜி.எஸ்.எம்., தூய வெள்ளை. பளபளப்புக் காகிதத்தில் விளக்கு பட்டால் மெலிந்த எழுத்து மறைந்துவிடும். முழுதாக அடிக்கும் முன் ஒரு கண்ணும் மூக்கின் பாதியும் வரும் பகுதியை ஏ4-இல் அதே அளவில் ஒரு சோதனைப் பிரதி எடுங்கள். திரையில் மெலிதாகத் தெரிந்த எழுத்து தாளில் தடித்து வரலாம், டோனர் கொஞ்சம் பரவும். அப்படி வந்தால் எல்லா ஸ்ட்ரோக்கையும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மாட்டும் இடத்தையும் யோசிக்க வேண்டும். எட்டுப் பாயின்ட் எழுத்து ஆறடி தள்ளிப் போனால் வாசிக்க முடியாத அளவுக்குச் சுருங்கி முகம் முன்னால் வரும். அதனால் ஆறடியாவது பின்னால் போக இடமும், மூக்கு படும் தூரம்வரை கிட்டே வர வழியும் வேண்டும். சோஃபாவுக்கு மேலே மாட்டினால் யாரும் கிட்டே வர மாட்டார்கள், ஒடுக்கமான நடையில் மாட்டினால் எட்ட நிற்க முடியாது. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவர் பெரும்பாலான வீடுகளில் சரிவரும்.

லேயர்கள் உள்ள மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். இந்த மாதிரிப் பரிசு வாங்குகிறவர்கள் முகத்தை ஒரு நிமிடம்தான் பார்ப்பார்கள். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய், எந்த ஸ்டாப் விட்டுப்போயிருக்கிறது, எந்தப் பெயரில் எழுத்துப்பிழை என்று தேட ஆரம்பிப்பார்கள். ஏதாவது ஒன்று அகப்படும். முதல் எழுத்து லேயரில் அந்தச் சொல்லைத் திருத்தி, மற்ற மூன்று குரூப்பிலும் இருந்த பழைய லேயரை எடுத்துவிட்டு, திருத்திய நகலை வைத்து ஸ்ட்ரோக்கைக் கொடுத்தால் போதும். மாஸ்க்குகளைத் தொட வேண்டியதில்லை. மறுபிரதி அடித்துவிடலாம்.